பாதி மூட்டு மாற்று ஆபரேஷன்: முழங்கால் வலிக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரை செல்லூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்தெல்லாம் மூட்டு வலிக்காரர்கள் பஸ் ஏறி வருவார்கள். ஆபரேஷன் செய்வது எலும்பு டாக்டர். அதற்கு முன்னாலும் பின்னாலும் கூட இருப்பது என் வேலை. நாலு வருடத்துக்கு முன்பு என் அம்மாவுக்கே இடது முழங்காலில் பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்போது நான் கேட்ட கேள்விகளையும், அதற்குப் பிறகு கிளினிக்கில் தினமும் கேட்கும் கேள்விகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர். அவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பாதி மூட்டு என்றால் என்ன? எந்தப் பாதி?

முழங்கால் ஒரே மூட்டு போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று பகுதிகள் இருக்கின்றன: அடுத்த காலைப் பார்த்த உள்பக்கம், வெளிப்பக்கம், முன்னால் இருக்கும் சில்லுக்குப் பின்பக்கம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழவென்று குருத்தெலும்பு மூடியிருக்கும். வெள்ளை வெளேரென்று, முற்றிய தேங்காய்ப் பருப்பு மாதிரி கெட்டியாக இருக்கும். மூட்டுத் தேய்மானம் என்பது இந்த மூடி கரைந்து, அடியில் இருக்கும் எலும்பு வெளியே வருவதுதான்.

நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் தேய்கிறது. நடக்கும்போது உடம்புப் பாரம் அந்தப் பக்கம் அதிகமாக இறங்குகிறது. தேயத் தேயக் கால் வில்லாக வளையும். வளைய வளையப் பாரம் இன்னும் அந்தப் பக்கமே சாயும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் வயதான பெண்களின் கால்களைப் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சொம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும்.

முழு மூட்டு மாற்றில் தொடை எலும்பின் நுனி, கால் எலும்பின் தலை இரண்டையும் முழு அகலத்துக்குச் செதுக்கி உலோகம் பொருத்துவார்கள். இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஏசிஎல் என்கிற முன் ஜவ்வைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பாதி மூட்டில் தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் மேலே ஓர் உலோகம், கீழே ஓர் உலோகம், நடுவில் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். மற்ற பகுதிகளும் ஜவ்வுகளும் பிறந்தபடியே இருக்கும். கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அந்த ஜவ்வுகளுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் “என் சொந்தக் கால் மாதிரியே இருக்கு தம்பி” என்று பலர் சொல்கிறார்கள்.

இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. 1970-களிலேயே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்ஃபெலோ என்ற எலும்பு டாக்டரும் ஜான் ஓகானர் என்ற பொறியாளரும் சேர்ந்து வடிவமைத்த மூட்டின் வழிவந்த வகைதான் இன்றும் உலகம் முழுக்க அதிகம் பொருத்தப்படுகிறது.

எனக்கு எல்லாமே தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களே?

எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயா, நிற்க வைத்து எடுத்ததா? படுத்திருக்கும்போது மூட்டில் பாரம் இல்லை. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பது போலவே தெரியும். நின்று எடுத்தால்தான் எந்தப் பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டிவிட்டது, எந்தப் பக்கம் இடைவெளி நன்றாக இருக்கிறது என்பது புரியும். பாதி மூட்டு செய்யலாமா என்று பார்க்கிற டாக்டர் இன்னொரு எக்ஸ்ரேயும் கேட்பார். முழங்காலை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு எடுப்பது அது. வளைந்த கால் நேராகிறதா, வெளிப்பக்கக் குருத்தெலும்பு முழுக் கனத்தில் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

கிளினிக்கில் நான் முதலில் செய்வது எளிமையான ஒன்று. “வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டுங்கம்மா” என்பேன். சிலர் ஆட்காட்டி விரலை எடுத்து முழங்காலின் உள்பக்கம் சரியாக ஒரே புள்ளியில் வைப்பார்கள். சிலர் உள்ளங்கையால் முட்டி முழுவதையும் பொத்திப் பிடித்து “எல்லாப் பக்கமும்தான்” என்பார்கள். விரல் வைக்கிறவருக்குப் பாதி மூட்டு பொருந்துமா என்று பார்க்கத் தோன்றும். இது முடிவு இல்லை, ஆரம்பம். முடிவை எக்ஸ்ரேயும் டாக்டரின் கையும் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு முதலில் பார்த்த இடத்தில் படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயையும் ஒரு எம்ஆர்ஐயையும் வைத்து, இரண்டு காலிலும் முழு மூட்டு மாற்ற வேண்டும், அடுத்த வாரமே சேர்த்துவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் போய், நின்று எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டினோம். இடது காலில் உள்பக்கம் மட்டும் அடியோடு போயிருந்தது. வலது காலில் அந்த அளவுக்குக்கூட இல்லை. இரண்டாவது கருத்து கேட்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

தேய்மானம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஏசிஎல் ஜவ்வு வேலை செய்ய வேண்டும். வளைந்த கால் கையால் தள்ளினால் நேராக வர வேண்டும். காலை நீட்டும்போது பதினைந்து பாகைக்கு மேல் மடங்கியே நிற்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் பேசலாம்.

ருமட்டாய்டு போன்ற முடக்குவாதம் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அந்த நோய் மூட்டின் எல்லாப் பக்கத்தையும் தின்னும். இன்று நன்றாக இருக்கும் பக்கம் நாளைக்கு இருக்காது. காலையில் எழுந்ததும் கை விரல்கள் விறைத்துப்போய் ஒரு மணி நேரத்துக்கு மடக்க முடியவில்லை, மணிக்கட்டும் வீங்குகிறது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முழங்காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வயது, எடை பற்றி ரொம்பக் கேட்கிறார்கள். 1989-இல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் வகுத்த பழைய கணக்கில் 60 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், 82 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. இப்போது அந்தக் கெடுபிடி தளர்ந்துவிட்டது. எண்பது வயதுக்காரருக்கும் செய்கிறார்கள். ஆபரேஷன் சிறியது, ரத்த இழப்பு குறைவு என்பதால் வயதானவர்களுக்கு அதில் ஆதாயமும் உண்டு.

கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும்போதே செய்துகொண்டால் நல்லதுதானே?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி என்பதால் லேசான தேய்மானத்துக்கு லேசான ஆபரேஷன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உள்பக்கம் எலும்போடு எலும்பு உரசுகிற நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் இது நன்றாகக் கேட்கிறது. குருத்தெலும்பு இன்னும் மிச்சமிருக்கும்போது அவசரப்பட்டுச் செய்தவர்களில் வலி தீராமல் இருப்பவர்கள் அதிகம். மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர்களும் அதிகம். எக்ஸ்ரேயில் இடைவெளி இருக்கிறது, ஆனால் வலி தாங்க முடியவில்லை என்றால், வலி எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தேட வேண்டும். இடுப்பு மூட்டிலிருந்தும் முதுகு நரம்பிலிருந்தும் வலி முழங்காலுக்கு இறங்கும்.

ரொம்பத் தள்ளிப்போடுவதும் தப்பு. உள்பக்கத் தேய்மானம் பின்பக்கம் வரை போய் ஏசிஎல் ஜவ்வும் அறுந்துவிட்டால் பாதி மூட்டுக்கான வாய்ப்பு போய்விடும். அப்புறம் முழு மூட்டுதான்.

முடக்கத்தான், தைலம், ஊசி, இதிலெல்லாம் சரியாகாதா?

முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரைதான். கரைந்த குருத்தெலும்பை அது திரும்ப வளர்க்காது. தைலம் தேய்த்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். ஆனால் அந்த ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும். அதனால் எப்போது போட்டீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள்.

உண்மையிலேயே வேலை செய்வது இரண்டு. ஒன்று தொடைச் சதையைப் பலப்படுத்துவது. இன்னொன்று எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்துவிட்டு ஆபரேஷனையே இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

முழு மூட்டா, பாதி மூட்டா? எது ரொம்ப நாள் உழைக்கும்?

நேர்மையாகச் சொன்னால், உழைப்பில் முழு மூட்டுதான் முன்னால் நிற்கிறது. மூட்டு மாற்று ஆபரேஷன்களைக் குறித்து வைக்கும் பல நாடுகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 25 வருடம் கழித்தும் மாற்ற வேண்டியிராமல் இருந்தவை முழு மூட்டில் 100-க்கு 82, பாதி மூட்டில் 100-க்கு 70.

இதைக் கேட்டதும் “அப்ப முழுசே போட்டுருவோம்” என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். பாதி மூட்டில் பிரச்சினை வந்தால் அதை முழு மூட்டாக மாற்றும் வழி இருக்கிறது, அதனால் டாக்டர்களும் சீக்கிரம் மாற்றிவிடுகிறார்கள். முழு மூட்டில் பிரச்சினை வந்தால் அடுத்த ஆபரேஷன் மிகவும் பெரியது. வலி இருந்தாலும் பலர் அப்படியே காலம் தள்ளுகிறார்கள். அந்த 70, 82 கணக்கில் இதுவும் கலந்திருக்கிறது.

அதே 2019-இல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு முடிவும் வந்தது. இரண்டில் எது செய்தாலும் பொருந்தும் என்ற நிலையில் இருந்த 528 பேருக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்து இரண்டு ஆபரேஷன்களில் ஒன்றைச் செய்தார்கள். ஐந்து வருட முடிவில் இரு பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவு நன்றாக நடந்தார்கள். செலவு பாதி மூட்டில் குறைவு. பாதி மூட்டில் ரத்தம் கட்டுதல், சீழ் பிடித்தல், மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகள் முழு மூட்டைவிடக் குறைவு என்பதும் பல நாட்டுப் பதிவேடுகளில் தெரிந்த விஷயம்.

ஆக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இதுதான்: 75 வயது அப்பத்தாவுக்குச் சின்ன ஆபரேஷனாக முடிந்து சீக்கிரம் நடந்தால் போதுமா, 58 வயது அப்பாவுக்கு இன்னொரு முறை ஆபரேஷன் என்ற பேச்சே வரக் கூடாதா? என் அம்மாவுக்கு அப்போது 67. நாங்கள் பாதியைத் தேர்ந்தெடுத்தோம்.

எந்த டாக்டரிடம் போவது?

பெயர் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன்: “டாக்டர், நீங்கள் செய்கிற முழங்கால் மாற்றில் எத்தனை பாதி மூட்டு?” எப்போதோ ஒன்று செய்கிற கைக்கும் அடிக்கடி செய்கிற கைக்கும் இந்த ஆபரேஷனில் வித்தியாசம் அதிகம். மூட்டு மாற்றுகளில் ஐந்தில் ஒன்றாவது பாதி மூட்டாகச் செய்கிறவர்களிடம் பலன் நன்றாக இருக்கிறது என்று பதிவேடுகள் காட்டுகின்றன. “நான் பாதி மூட்டு செய்வதில்லை” என்று ஒரு டாக்டர் வெளிப்படையாகச் சொன்னால் அது நல்ல பதில். அதற்காக அவரை மதியுங்கள், வேறொருவரையும் பாருங்கள்.

ரோபோ வைத்துச் செய்தால் நல்லதா?

எலும்பைத் திட்டமிட்ட அளவுக்குத் துல்லியமாகச் செதுக்க ரோபோ உதவும். செலவு கூடும். செய்வது டாக்டர்தான், ரோபோ அவர் கையில் ஒரு கருவி. அனுபவக் கை இருந்தால் ரோபோ இல்லை என்று வருந்த வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்? காப்பீட்டில் வருமா?

தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறுகிறது, எண் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்காலுக்குள் பொருத்தும் உலோகங்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் முழு மூட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். வரம்பு அதன்பின் திருத்தப்பட்டு வருகிறது. பில்லில் இம்ப்ளாண்ட் விலையைத் தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு டாக்டர் பார்க்கும்போது உள்ளே என்ன கம்பெனி, என்ன அளவு இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்தில் பதிய வேண்டும். நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மூட்டு மாற்று ஆபரேஷன்கள் நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும், சேர்வதற்கு முன்பே “பாதி மூட்டுக்கு இந்தத் திட்டத்தில் அனுமதி உண்டா” என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பொதுவாக “மூட்டு ஆபரேஷன் வருமா” என்று கேட்டுவிட்டு வந்து, பிறகு தவித்த குடும்பங்கள் உண்டு.

சர்க்கரை இருக்கிறது. செய்யலாமா?

செய்யலாம், கட்டுக்குள் இருந்தால். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைக்குள் வரும்வரை பல டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். அது உங்கள் நன்மைக்குத்தான்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: பாதம். நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நிற்கிறவர்களின் விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் ஆழமான வெடிப்பு. மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் குதிகால் வெடிப்புக்குள் காய்ந்த வயல் மண் இருந்தது, ஒரு நாணயத்தை நிறுத்தி வைக்கலாம் போல ஆழம். அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறினால் புது உலோகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் கிளப்புவது பெரும்பாடு. அதனால் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் வெந்நீரில் கழுவித் துடைத்து, மருந்து போட்டு ஆற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்கள் வெந்நீரின் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் இருந்தாலும் அப்படியே. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வெட்டு விரல் நீளம், பத்து சென்டிமீட்டர் சுமார். மரப்பு தெளிந்ததும் அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளில் வீடு. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள்.

உள்ளே போன பிறகு மற்ற பக்கமும் கெட்டிருப்பது கண்ணில் பட்டால், அங்கேயே முழு மூட்டாக மாற்ற டாக்டர் முடிவு செய்யலாம். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

இதுதான் என் பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தவறு பாசத்தால் நடக்கிறது. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இதமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிப்போகும். பிறகு நீட்டுவதற்குள் உயிர் போகும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தானாக நீளட்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

அடுத்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அந்தத் துண்டைக் கட்டிலோடு நசுக்குவது போல அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். மடக்குவதற்கு, கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, சாக்ஸ் போட்ட குதிகாலை அதன் மேல் வழுக்கிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். என் அம்மாவுக்கு முதல் நாள் பாதி தூரம்தான் வந்தது. கட்டில் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். தினமும் அந்தக் கோட்டைத் தாண்டுவதுதான் அன்றைய வேலை. மூன்றாம் வாரம் எட்டுக் கோடுகள் இருந்தன, அவரே பேத்தியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம். கெண்டைக்காலை எண்ணெய் விட்டு நீவ வேண்டாம். பார்க்க வரும் உறவுக்காரர்கள் ஆசையாக உட்கார்ந்துவிடுவார்கள், அன்பாகத் தடுத்துவிடுங்கள். ரத்தக்கட்டி இருந்தால் நீவுவது ஆபத்து. பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பதும் எழுந்து நடப்பதும் ரத்தம் கட்டாமல் காக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையைச் சொன்ன நாள்வரை விடாதீர்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். வாக்கர் இரண்டு மூன்று வாரம், பிறகு கம்பு, ஆறு வாரத்தில் பெரும்பாலானோர் கம்பையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். வீட்டு வாசல்படி உயரமாக இருந்தால், திண்ணை ஏறித்தான் உள்ளே போக வேண்டுமென்றால், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கைப்பிடி அடித்து வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் டாய்லெட் நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

தரையில் உட்காரலாமா? சம்மணம் போடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாதி மூட்டில் கால் நன்றாகவே மடங்கும், முழு மூட்டைவிடக் கூடுதலாக. மூன்று மாதத்துக்குப் பிறகு டாக்டர் பார்த்துச் சரி என்றால், எப்போதாவது சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

உள்ளே எந்த வகை இருக்கிறது என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். ஒரு வகையில் பிளாஸ்டிக் கீழ் உலோகத்தோடு அசையாமல் பொருந்தியிருக்கும். இன்னொரு வகையில் அது இரண்டு உலோகத்துக்கும் நடுவே நகர்ந்துகொடுக்கும். நகரும் வகையில், அளவுக்கு மீறி மடக்கித் திருகினால் பிளாஸ்டிக் துண்டு இடம்விட்டு நழுவும் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழும் பழக்கமுள்ள ஆசிய நாடுகளில் இது மேல்நாடுகளைவிடக் கூடுதலாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. எந்த வகை பொருத்தப் போகிறீர்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். “நான் தரையில் உட்கார்ந்து தொழில் செய்கிறவள், குத்தவைத்துக் களையெடுக்கிறவள்” என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

என் அம்மா முப்பது வருடமாகப் பூக் கட்டுகிறவர். விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து வரும் உதிரி மல்லியைத் தரையில் ஈரத்துணி விரித்துக் கொட்டி, இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, நாரைப் பெருவிரலில் மாட்டிக் கட்டுவார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த உட்காரும் முறையை மாற்றினோம். கட்டில் உயரத்துக்கு ஒரு முக்காலி, அதன் மேல் தாம்பாளம், நார் மாட்ட முக்காலிக் காலில் ஓர் ஆணி. முதல் வாரம் “கை ஓடவே மாட்டேங்குது” என்று முகம் சுளித்தார். இப்போது பழைய வேகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதினியும் அதே மாதிரி முக்காலி செய்து வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை, முன்கூட்டியே ஜாக்கிரதை.

மண்டியிடலாம், மூட்டு கெடாது. தழும்பில் குத்துவது போல இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் கொஞ்சம் மரத்தே இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வேலை, வண்டி, கோயில்?

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றரை மாதம், நின்று செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம். ஸ்கூட்டர் ஓட்ட ஆறு வாரமாவது வேண்டும். காலை ஊன்றி வண்டியைத் தாங்க முடிகிறதா என்று நிறுத்திய வண்டியில் முதலில் பழகுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகலாம். கல்தளம் ஈரமாக இருக்கும் நேரத்தில் மட்டும் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைய நெரிசலுக்கு முதல் வருடம் போகாதீர்கள். ஒரு தள்ளு போதும். பழமுதிர்சோலைக்கு வேனில் மேலே போய்விடலாம். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் தார் ரோட்டில். ஒரு வருடம் முடிந்து, தினமும் ஐந்து கிலோமீட்டர் வலியில்லாமல் நடந்து பழகியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். நேர்த்திக்கடனுக்காக ஆறாம் மாதமே கிளம்பிப் பாதியில் ஆட்டோவில் திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன், முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். தையலிலிருந்து சீழோ நீரோ கசிந்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடானால், அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்துப் போவது மிகப் பெரிய தவறு. உள்ளே இருக்கும் கிருமியை அது மறைத்துவிடும், டாக்டரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

நாலு மாதம் ஆகியும் வலிக்கிறதே, ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சாயங்காலம் வீங்குவதும் சூடாக இருப்பதும் ஆறு மாதம் வரை சகஜம். முழுத் தெளிவுக்கு ஒரு வருடம்கூட ஆகும். உள்பக்க எலும்பில் புதுப் பாரம் இறங்கிப் பழக நாள் பிடிக்கும். டாக்டர் பார்த்துச் சீழ் இல்லை, உலோகம் தளரவில்லை, எலும்பில் விரிசல் இல்லை என்று சொல்லிவிட்டால், காரணம் தெரியாத வலிக்காக முதல் வருடத்திலேயே முழு மூட்டாக மாற்ற அவசரப்படாதீர்கள். மாற்றியும் வலி போகாதவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு 45 வயதுதான், கால் வில்லாக வளைந்துவிட்டது. மூட்டை சுமக்கிற வேலை.

உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, பிளேட் வைத்து நேராக்குவது. பாரம் தேய்ந்த உள்பக்கத்திலிருந்து நல்ல வெளிப்பக்கத்துக்கு மாறும். உங்கள் மூட்டு உங்களுடையதாகவே இருக்கும், சுமை தூக்கலாம். வெட்டிய எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்காகும், அதுவரை வருமானத்துக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி மூட்டு என்று கேட்டுப் போகும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு காலிலும் வலி. ஒரே நேரத்தில் செய்துகொள்ளலாமா?

இதயம், நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்குச் செய்கிறார்கள். வீட்டில் தூக்கிவிட இரண்டு பேராவது வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் செய்வதையே விரும்புவேன், ஏனென்றால் ஒரு கால் நேரானதும் அடுத்த காலின் வலி குறைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். நொண்டுவது நின்றால் நல்ல காலுக்கும் ஓய்வு.

அம்மாவின் வலது கால் எக்ஸ்ரே பீரோவில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை நின்று புதிதாக ஒன்று எடுத்துப் பழையதோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். இந்த வருடமும் இடைவெளி அப்படியே இருந்தது. “அப்ப அது கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அன்றைக்கு மல்லி ஆறு கிலோ வந்திருந்தது.